மொராக்கோவில் ஆள் எடுப்பது: ஓராண்டு ஒப்பந்தம் யாரைக் காக்கிறது?

கேள்வி

கோவையில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் எங்கள் நிறுவனம், மொராக்கோவின் டான்ஜியர் நகருக்கு வெளியே ஒரு சிறிய பிரிவைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்து தொடங்கியுள்ளது. பணியாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இதுவரை 14 உள்ளூர்க்காரர்களை எடுத்திருக்கிறோம். தலைமை அலுவலகம் சொன்னபடி எல்லோருக்கும் ஓராண்டு ஒப்பந்தம்தான் கொடுத்தோம். அவர்களில் ஏழு மாதமாக வேலை செய்த இயந்திர இயக்குநர் ஒருவர் சொல்லாமல் ஐந்து நாள் வரவில்லை. எங்கள் மேற்பார்வையாளர், 'இனி வர வேண்டாம்' என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார். தன் மருத்துவச் சான்றை இரண்டாம் நாளே வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டதாக அந்தத் தொழிலாளி சொல்கிறார். மூன்று வாரம் கழித்து இப்போது தொழிலாளர் ஆய்வாளரிடமிருந்து எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இதற்குப் போக வேண்டுமா? அடுத்து எடுக்கவிருக்கும் 20 பேருக்கும் ஓராண்டு ஒப்பந்தமே போடலாமா? இயந்திரம் அமைக்கவும் பழக்கவும் கோவையிலிருந்து நான்கு டெக்னீஷியன்களை அழைத்து வர வழி என்ன?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதல் கேள்விக்கு நாள் கெடு இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அழைப்பை அலட்சியம் செய்யாமல் குறித்த நாளில் கட்டாயம் போங்கள். மொராக்கோவில் தொழிலாளர் ஆய்வாளர் தண்டிக்க மட்டும் வருபவர் அல்லர். இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசும் அதிகாரமும் அவருக்குச் சட்டத்தில் உண்டு. அவர் முன்னிலையில் எட்டும் உடன்பாடு, இரு தரப்புக் கையொப்பமும் முறைப்படி சான்றளிக்கப்பட்டு அவருடைய மேலொப்பமும் பெற்றுவிட்டால் இறுதியானது. அதை எதிர்த்துப் பிறகு நீதிமன்றம் போக முடியாது. நீதிமன்றத்தை விடக் குறைந்த செலவிலும் குறைந்த நாளிலும் முடிகிற கதவு இது ஒன்றுதான். பணிநீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கத் தொழிலாளிக்கு 90 நாள் அவகாசம் இருப்பதால், அவருக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

உங்கள் தரப்பின் வலு எவ்வளவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூனில் நடைமுறைக்கு வந்த 65-99 எண் கொண்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 39ஆம் பிரிவு, பன்னிரண்டு மாதங்களுக்குள் நான்கு நாளுக்கு மேல் காரணமின்றி வராமல் இருப்பதைப் பெருந்தவறுகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஐந்து நாள் என்று நீங்கள் எண்ணியது அந்த அளவில் சரி. ஆனால் அந்தப் பிரிவின் உயிர் 'காரணமின்றி' என்ற சொல்லில் இருக்கிறது. நோயுற்ற தொழிலாளி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் தர வேண்டும் என்றும், நான்கு நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்று தர வேண்டும் என்றும் 271ஆம் பிரிவு சொல்கிறது. அவர் இரண்டாம் நாளே சான்றை வாயிலில் கொடுத்திருந்தால் தம் கடமையைச் செய்துவிட்டார். காவலர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தது உங்கள் வீட்டுக் குறையே தவிர அவர் குறை அன்று. சான்றின் மீது ஐயம் இருந்தால் உங்கள் செலவில் வேறொரு மருத்துவரை அனுப்பிப் பார்க்கச் சட்டம் இடம் தந்திருந்தது. அதையும் நீங்கள் செய்யவில்லை.

சரி, அந்தச் சான்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் நிலை தேறாது. தவறு தெரியவந்த நாளிலிருந்து எட்டு நாளுக்குள் தொழிலாளியை அழைத்து, அவர் தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் பிரதிநிதி அல்லது சங்கப் பிரதிநிதியின் முன்னிலையில் அவர் தரப்பைக் கேட்டு, பேசியதை எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்பது 62ஆம் பிரிவு. கையொப்பமிட எவராவது மறுத்தால் ஆய்வாளரை நாட வேண்டும். முடிவு எடுத்தபின் 48 மணி நேரத்துக்குள் அதை நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுத்து, நகலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். காரணம் நியாயமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே. வாட்ஸ்அப் செய்தி இந்தப் படிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மாறாக, நீங்கள் அவரைக் கேட்காமலே நீக்கினீர்கள் என்பதற்கு நாளும் நேரமும் பதிந்த சாட்சியாக அது இப்போது அவர் கைப்பேசியில் இருக்கிறது. எட்டு நாள் கடந்துவிட்டதால் இனி முறையைச் சரிசெய்யவும் வழியில்லை. பின்தேதியிட்டு ஒரு விசாரணைக் குறிப்பைத் தயாரிக்கலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இங்கேதான் உங்கள் இரண்டாம் கேள்வி முதல் கேள்வியோடு வந்து முட்டுகிறது. நீங்கள் போட்டது போல முடியும் நாள் குறித்த காலவரை ஒப்பந்தத்தைப் பெருந்தவறோ கட்டுக்கடங்காத நிகழ்வோ இல்லாமல் நடுவில் முறித்தால், முறித்த நாளிலிருந்து ஒப்பந்தம் முடியும் நாள் வரையுள்ள சம்பளம் முழுவதையும் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. அவர் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. மாதம் 4,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழு மாதம் போக மீதி ஐந்து மாதத்துக்கு 20,000 திர்ஹம். அதே மனிதர், அதே ஏழு மாதம், அதே தவறான பணிநீக்கம், ஆனால் ஒப்பந்தம் மட்டும் காலவரையற்றதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். நட்டஈடு, ஆண்டுக்கோ ஆண்டின் பகுதிக்கோ ஒன்றரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 6,000. பணிநீக்கத் தொகை, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 96 மணி நேரச் சம்பளம் என்ற கணக்கில் சுமார் 2,000. ஓராண்டு நிறையாத தொழிலாளிக்கான எட்டு நாள் முன்னறிவிப்புச் சம்பளம் ஏறத்தாழ 1,200. ஆக மொத்தம் 9,200 திர்ஹம் அளவில் முடிந்திருக்கும். எடுக்காத விடுப்புக்கான பணம் இரண்டு வகையிலும் கொடுக்க வேண்டியதுதான், அதனால் அதைச் சேர்க்கவில்லை. பாதுகாப்பு என்று எண்ணித் தலைமை அலுவலகம் தேர்ந்தெடுத்த தாள் உங்கள் பொறுப்பை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கிறது.

ஆகவே ஆய்வாளர் முன்னிலையில் நீங்கள் முதலில் வைக்க வேண்டியது, அந்தத் தொழிலாளியை மீண்டும் வேலைக்கு எடுத்து, இடைப்பட்ட வாரங்களின் சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறோம் என்ற முன்மொழிவு. ஏழு மாதம் பழகிய இயக்குநர் கைக்குத் திரும்புகிறார், செலவு ஒரு மாதச் சம்பளத்துக்குள் நிற்கிறது. அவர் திரும்ப விரும்பவில்லை என்றால் தொகை பேசுங்கள். போகும்போது ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், சமூகக் காப்பீட்டு அறிக்கைகள், வாயிற்காவலரிடம் தேடி எடுத்த அந்த மருத்துவச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மொராக்கோவின் பேச்சு அரபியான தாரிஜா பேசத் தெரிந்த, சூடில்லாத ஒருவர் உங்களுடன் வரட்டும். அந்த மேற்பார்வையாளரை அழைத்துப் போக வேண்டாம்.

இனி அடுத்த 20 பேர். காலவரை ஒப்பந்தத்தை மொராக்கோ சட்டம் விதிவிலக்காகவே பார்க்கிறது. விடுப்பில் இருப்பவரின் இடத்தை நிரப்ப, வேலை தற்காலிகமாகப் பெருகும்போது, பருவகால வேலைக்கு என்று சில சூழல்களில் மட்டுமே அதற்கு இடம். இவற்றுக்கு அப்பால், வேளாண்மை அல்லாத துறையில் ஒரு நிறுவனம் முதன்முதலாகத் தொடங்கும்போதும், புதிய கிளை திறக்கும்போதும், புதிய பொருளை அறிமுகப்படுத்தும்போதும் அதிகபட்சம் ஓராண்டுக்கு, ஒரேயொரு முறை புதுப்பிக்கத்தக்கதாக அதைப் போடலாம் என்று 17ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் தலைமை அலுவலகம் பிடித்துக்கொண்ட கொம்பு இதுவாகத்தான் இருக்கும். சட்டப்படி அது பொய்யில்லை. ஆனால் கெடு தாண்டி ஒரு நாள் வேலை வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் தானாகவே காலவரையற்றதாகிவிடும். ஆண்டுதோறும் முறித்து முறித்துப் புதுப்பிக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. அதிகபட்சம் இரண்டாண்டு ஓடும் ஒரு ஏற்பாட்டுக்காக, நடுவில் எப்போது பிரிந்தாலும் மீதிச் சம்பளம் முழுவதையும் தருவதாக எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்பதே கேள்வி.

நம் ஊரில் 'பெர்மனென்ட்' என்ற சொல் முதலாளிகளிடம் எழுப்பும் அச்சத்தை நான் அறிவேன். அங்கே பிரெஞ்சு உச்சரிப்பில் 'சே.தே.இ' என்று வழங்கும் காலவரையற்ற ஒப்பந்தம் அந்த அச்சத்துக்குரியது அன்று. அதற்குள்ளேயே தகுதிகாண் பருவம் இருக்கிறது. தொழிலாளிக்கு 15 நாள், அலுவலகப் பணியாளருக்கு ஒன்றரை மாதம், பொறியாளர் போன்ற மேலாளர் நிலையில் இருப்பவருக்கு மூன்று மாதம், ஒவ்வொன்றும் ஒருமுறை நீட்டிக்கத்தக்கது. தொழிலாளியை 30 நாளும் பொறியாளரை ஆறு மாதமும் பார்த்து முடிவு செய்யலாம். ஒரு வாரம் வேலை செய்தபின் அனுப்புவதானால் மாதச் சம்பளக்காரருக்கு எட்டு நாள், நாள் அல்லது வாரச் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் முன்னறிவிப்பு போதும். ஓராண்டுக் காலவரை ஒப்பந்தத்திலோ யாராக இருந்தாலும் தகுதிகாண் பருவம் ஒரு மாதம்தான். பொறியாளரைப் பொறுத்தவரை அது முதலாளிக்கு நட்டமே.

நீண்ட காலத்துக்கு அப்பால் காலவரையற்ற ஒப்பந்தத்தின் சுமை கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தவறான பணிநீக்கத்துக்கான நட்டஈடு 36 மாதச் சம்பளம் வரை ஏறலாம். பணிநீக்கத் தொகையும் ஆறாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 144 மணி நேரம், பதினோராம் ஆண்டு முதல் 192, பதினைந்துக்குப் பின் 240 என்று படி ஏறும். ஆனால் முறைப்படி விசாரித்து, தக்க காரணத்தோடு நீக்குபவர் நட்டஈட்டைக் கொடுப்பதில்லை. சிறு தவறுகளுக்கு எச்சரிக்கை, கண்டனம், இரண்டாம் கண்டனம் அல்லது எட்டு நாள் வரை இடைநீக்கம், மூன்றாம் கண்டனம் அல்லது இடமாற்றம் என்று சட்டமே படிகள் வகுத்திருக்கிறது. ஓராண்டுக்குள் அவை எல்லாம் தீர்ந்துவிட்டால் பணிநீக்கம் நியாயமாகிவிடும். காஸாபிளாங்காவில் நான் ஆலோசகராக இருந்த ஆண்டுகளில் முதலாளிகள் தோற்றுப்போன வழக்குகளைப் பார்த்ததில், காரணம் இல்லாமல் தோற்றவர்களை விடக் கடிதம் இல்லாமல் தோற்றவர்களே அதிகம். எச்சரிக்கையை வாயால் சொல்லிவிட்டு, நல்ல மனிதர் என்று விட்டுவிடுவார்கள். பிறகு காட்டுவதற்குத் தாளே இருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் முதல் இரண்டாண்டுகளுக்குள் காலவரையற்ற ஒப்பந்தத்தில் எடுக்கும் பத்துப் பேர் வரை, மாதம் 10,000 திர்ஹத்துக்கு மேற்படாத சம்பளத்துக்கு 24 மாதம் வருமான வரி விலக்கும், சமூகக் காப்பீட்டில் முதலாளியின் பங்கை அரசே ஏற்கும் சலுகையும் 'தஹ்ஃபீஸ்' என்ற திட்டத்தின் கீழ் கிடைக்கின்றன. 2026 இறுதி வரை தொடங்கப்படும் நிறுவனங்களுக்கு அது உண்டு. ஓராண்டு ஒப்பந்தக்காரருக்குக் கிடையாது. நீங்கள் தொடங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகிறது என்பதால், அடுத்து எடுப்பவர்களை இதில் சேர்க்க முடியுமா என்று உங்கள் கணக்காளரை இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். எழுதுவதானால் இரண்டு படிகள் வேண்டும், இரு தரப்புக் கையொப்பமும் உரிய அலுவலகத்தில் சான்றளிக்கப்பட வேண்டும், ஒரு படி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். சான்றளிப்பதற்கு எல்லோரும் 'முகாத்தா' எனப்படும் வட்டார அலுவலகத்துக்குத்தான் போவார்கள். மொழியைப் பொறுத்தவரை பிரெஞ்சில் எழுதுவதே வழக்கம், ஆனால் நீதிமன்றத்தில் நடப்பது அரபியில். ஆகவே பிரெஞ்சும் அரபியும் இரு பத்திகளாக உள்ள ஒப்பந்தத்தையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தில் கோவையிலிருந்து வந்த மாதிரிப் படிவத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கையொப்பம் வாங்க வேண்டாம்.

சம்பளம் பேசும்போது ஓர் எச்சரிக்கை. அங்கே வேலைக்கு வருபவர் பேசுவது கைக்கு வரும் தொகையை, நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதுவது மொத்தச் சம்பளத்தை, உங்கள் தலைமை அலுவலகம் கணக்கிட வேண்டியது நிறுவனத்துக்கு ஆகும் முழுச் செலவை. இந்த மூன்றும் வேறு வேறு எண்கள் என்பது முதல் நாளே தெளிவாகாவிட்டால் மூன்றாம் மாதம் மனக்கசப்பு உறுதி. தேசிய சமூகக் காப்பீட்டு நிதியான சி.என்.எஸ்.எஸ்.-க்குத் தொழிலாளியிடம் பிடிப்பது, மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து 6.74 விழுக்காடு. முதலாளி செலுத்துவது, குடும்பப் படி, தொழிற்பயிற்சி வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 21.09 விழுக்காடு. 4,000 திர்ஹம் மொத்தச் சம்பளத்தில் கைக்குப் போவது சுமார் 3,730, உங்களுக்கு ஆவது சுமார் 4,844. 2025 முதல் ஆண்டுக்கு 40,000 திர்ஹம் வரையிலான நிகர வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் இந்த நிலையில் வருமான வரி வராது. சம்பளம் 6,000-ஐத் தாண்டினால் முதலாளி பங்கில் 8.98 விழுக்காடும் தொழிலாளி பங்கில் 4.48 விழுக்காடும் அந்த 6,000-உடன் நின்றுவிடும், மீதிப் பங்குகள் முழுச் சம்பளத்துக்கும் தொடரும். பணியிட விபத்துக் காப்பீடு இதில் அடங்காது. அதைத் தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் நீங்களே எடுக்க வேண்டும், அது கட்டாயம்.

இங்கே நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, தகுதிகாண் பருவம் முடியட்டும், பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருப்பது. பி.எஃப். விஷயத்தில் நம் ஊரில் சில இடங்களில் நடக்கும் அந்தத் தந்திரத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். முதல் நாள் வேலைக்கே சமூகக் காப்பீடு உண்டு. மாதாந்திர அறிக்கையையும் பணத்தையும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் 'தமான்காம்' இணையதளம் வழியாகச் செலுத்த வேண்டும். 2021 பிப்ரவரியில் இதே டான்ஜியரில் ஒரு வீட்டின் நிலவறையில் மறைவாக நடந்துவந்த தையல் பட்டறைக்குள் மழைவெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். கணக்கில் வராத தொழிலாளி என்ற பேச்சை அந்த ஊர்க்காரர்கள் எந்த நினைவோடு கேட்பார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியமான 'ஸ்மிக்' 2025 ஜனவரியில் மணிக்கு 17.10 திர்ஹம் ஆனது. 2024 ஏப்ரலில் அரசும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்பும் செய்துகொண்ட உடன்பாட்டில் 2026 ஜனவரியிலும் ஐந்து விழுக்காடு உயர்வு பேசப்பட்டிருந்ததால், உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் பழைய எண்ணை வைத்திராதீர்கள். அதற்கு மேல், இரண்டாண்டு முடிந்தால் ஐந்து, ஐந்தாண்டில் பத்து, பன்னிரண்டில் பதினைந்து, இருபதில் இருபது, இருபத்தைந்தில் இருபத்தைந்து விழுக்காடு என்று பணிமூப்புப் படி சட்டப்படியே சேரும். இதை உங்கள் தாராளம் என்று யாரும் எண்ண மாட்டார்கள். தொழிலாளிகளுக்கு மாதம் இருமுறையாவது, 16 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வேலை நேரம் வாரத்துக்கு 44 மணி, ஆண்டுக்கு 2,288 மணி, ஒரு நாளில் பத்து மணிக்கு மேல் கூடாது. மிகைநேரத்துக்குப் பகலில் 25, இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை 50 விழுக்காடு கூடுதல், வார ஓய்வு நாளானால் அவை 50 ஆகவும் 100 ஆகவும் உயரும். விடுப்பு, ஆறு மாதத்துக்குப் பின் மாதத்துக்கு ஒன்றரை வேலை நாள். மகப்பேறு விடுப்பு 14 வாரம். இவற்றில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது ரமலானில்தான். 2018 முதல் மொராக்கோ ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருக்கிறது, ரமலானில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கோவையோடு உங்கள் காணொளிக் கூட்டங்கள் எல்லாம் அந்த மாதம் நேரம் மாறும். தனியார் துறையில் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மதிய இடைவேளை இல்லாமல் ஒரே மூச்சாக வேலை வாங்கி, நோன்பு திறப்பதற்கு முன் வீடு சேரும்படி அனுப்புவதே எல்லோரும் பின்பற்றும் வழக்கம். மாலை நேரப் பணிமுறையில் நோன்பு திறக்கும் நேரத்தில் இயந்திரத்தை ஓடவைக்க முயலும் மேற்பார்வையாளர் அந்த ஒரு மாலையில் இழக்கும் நல்லெண்ணத்தை ஆண்டு முழுவதும் ஈட்ட முடியாது.

பக்ரீத் எனும் ஈதுல் அள்ஹாவுக்கு முன் ஆடு வாங்க முன்பணம் கேட்டு வருவார்கள். நம் ஊர்த் தீபாவளி முன்பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள், வேறுபாடில்லை. கொடுங்கள். ஆனால் திரும்பப் பிடிக்கும்போது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். 2,000 திர்ஹத்தை இரண்டே மாதத்தில் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மந்தைகள் குறைந்துபோனதால் 2025இல் மன்னரே மக்களைப் பலி கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அந்த ஆண்டு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. அது விதிவிலக்கு.

பத்துப் பேரைத் தாண்டிவிட்ட நிறுவனம் என்ற முறையில் உங்களுக்கு வேறு சில கடமைகளும் வந்திருக்கின்றன. நிரந்தரமாகப் பத்துப் பேரேனும் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதித் தேர்தல் உண்டு. தொடங்கிய இரண்டாண்டுக்குள் பணி ஒழுங்குவிதிகளைத் தயாரித்து அரசின் ஒப்புதலும் பெற வேண்டும். 50 பேரை எட்டினால் தொழிற்சாலை மருத்துவப் பிரிவும் நிறுவனக் குழுவும் சேரும், அதற்கு நாள் இருக்கிறது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்ல வேண்டும். கோவையிலிருந்து கைரேகை வருகைப்பதிவு இயந்திரத்தை அனுப்பியிருந்தால் பெட்டியைப் பிரிக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் 09-08 எண் சட்டத்தின்படி தனிநபர் தரவுகளைக் கண்காணிக்கும் ஆணையம் இருக்கிறது. வருகையை மட்டும் குறிப்பதற்காகக் கைரேகை எடுப்பதை அது நெடுங்காலமாக ஏற்பதில்லை. கண்காணிப்புக் கேமராவுக்கும் அதனிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நான் அறிந்த ஒரு நிறுவனம் அப்படி வாங்கிய ஆறு இயந்திரங்களைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு அட்டைக்கு மாறியது.

ஆள் தேடுவதற்கு 'அனாபெக்' எனும் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் டான்ஜியர் அலுவலகத்தையே முதலில் நாடுங்கள், கட்டணம் இல்லை. ஓ.எஃப்.பி.பி.டி. எனும் அரசுத் தொழிற்பயிற்சி அமைப்பின் டிப்ளமா பெற்ற இளைஞர்கள் அங்கே நிறைய உண்டு. அவர்களை கார் நிறுவனமான ரெனோவின் மெலூசா ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த வயரிங் தொழிற்சாலைகளும் உங்களுக்கு முன்பே தேடிக்கொண்டிருக்கும் என்பதால், ஊதியத்தோடு போக்குவரத்துப் பேருந்தையும் சேர்த்துப் பேசினால்தான் ஆள் நிற்பார்கள். ஆள் அனுப்பும் முகமைகள் வழியாக எடுக்கலாமா என்று தலைமை அலுவலகம் அடுத்துக் கேட்கும். தற்காலிகத் தேவைகளுக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு மட்டும் அதற்கு அனுமதி. நிலையான உற்பத்தி வரிசைக்கு அது பயன்படாது. தொழிலாளியைப் பெயருக்கு முன் 'ஸி' சேர்த்தும், பெண்களை 'லல்லா' சேர்த்தும் அழைக்கப் பழகிக்கொள்ளுமாறு உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாகக் கோவை டெக்னீஷியன்கள். வணிக விசாவில் வந்து கூட்டத்தில் உட்காரலாம், வேலை செய்ய முடியாது. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க 516ஆம் பிரிவின்படி தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி தனித் தாளாக வராமல், அமைச்சகம் வகுத்த மாதிரியில் எழுதிய வேலை ஒப்பந்தத்தின் மீதே முத்திரையாக இடப்படும். முத்திரை இல்லாத ஒப்பந்தம் செல்லாது. அதற்கு முன், அந்த வேலைக்குத் தகுந்த மொராக்கோ நாட்டவர் கிடைக்கவில்லை என்ற சான்றை அனாபெக்கிடம் பெற வேண்டும். அவர்கள் விளம்பரம் கொடுத்துத் தேடிப் பார்ப்பார்கள், தகுதியுள்ள உள்ளூர்க்காரர் வந்தால் சான்று கிடைக்காது. ஆகவே விண்ணப்பத்தில் 'இயந்திர டெக்னீஷியன்' என்று பொதுவாக எழுதாமல், உங்கள் இயந்திரத்தின் வகை, அதில் அவர்களுக்குள்ள அனுபவ ஆண்டுகள், உள்ளூர்த் தொழிலாளர்களை அவர்கள் பழக்கப்போகும் திட்டம் ஆகியவற்றை விரிவாக எழுதுங்கள். பழக்கிவிட்டுத் திரும்புபவர்கள் என்று தெரிந்தால் விண்ணப்பம் வலுப்படும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தேவையில்லை என்றால் இருவருக்கு மட்டும் முதலில் விண்ணப்பிப்பதே நல்லது.

முத்திரை கிடைத்தபின் காவல் துறையிடம் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையே சமூகக் காப்பீட்டு உடன்படிக்கை இல்லாததால், கோவையில் அவர்களுக்குப் பி.எஃப். தொடர்ந்தாலும் டான்ஜியரில் சி.என்.எஸ்.எஸ்.-உம் கட்ட வேண்டும். இரட்டைச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். டிப்ளமா சான்றிதழ்களையும் அனுபவக் கடிதங்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சான்றளிக்க நாள் பிடிக்கும் என்பதால் அந்த வேலையைக் கோவையிலிருந்தே இந்த மாதம் தொடங்கச் சொல்லுங்கள். முத்திரையிட்ட ஒப்பந்தம் கைக்கு வரும்வரை, அவர்கள் டான்ஜியருக்கு வந்திருந்தாலும் இயந்திரத்தைத் தொட வேண்டாம்.